பூங்கோதைக்கு ஒரு தரை

நாச்சிமுத்துவின் மகள் பூங்கோதை தண்ணீருக்காகத் துளைத்த போர்க்குழிக்குள் விழுந்ததும், விழுந்தவள் இன்னும் தரையைத் தொடவில்லை என்பதும் எங்கள் கல்லாங்காட்டுப்புதூருக்கு முதல் வாரத்தில் பெரிய சங்கதியாகத்தான் இருந்தது, அடுத்த வாரம் கடலை பறிப்பு வந்துவிட்டது, அதற்கடுத்த வாரம் மாரியம்மனுக்குப் பூச்சாட்டுத் திருவிழா வந்துவிட்டது, அப்புறம் வெளியூர்க்காரர் யாராவது தாராபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, "அந்தக் குழந்தை என்னதான் ஆச்சுங்க?" என்று கேட்டால், "விழுந்துட்டு இருக்குதுங்க, சௌக்கியமா இருக்குது" என்று சொல்லிவிட்டு எங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போனோம்.

எங்கள் பூமியின் வாகு தெரியாவிட்டால் இந்தக் கதை விளங்காது. மேலே ஒரு முழம் செம்மண். அதற்குக் கீழே கையால் நெரித்தால் உதிர்கிற நொறுங்கல் பாறை. அதற்கும் கீழே உளி இறங்காத கரும்பாறை, அது பாதாளம் வரைக்கும் ஒரே கல். பெய்கிற மழை அந்த நொறுங்கல் பாறைக்குள் இறங்கி, ஈரத்துணியில் நிற்பது போல நின்றுகொள்ளும். கரும்பாறைக்குள் போகாது, போனாலும் எங்காவது ஒரு வெடிப்பில் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொள்ளும். இதை நிலத்தடி நீர் ஆபீசர் அமலோற்பவம் அம்மா, ஜீப்பில் வந்து, வேப்பமரத்தடியில் எங்களையெல்லாம் உட்காரவைத்து, சாக்பீஸால் தரையில் படம் போட்டே சொன்னார்.

"உங்க ஊருக்கு ஆழம் உதவாதுங்க, அகலம்தான் உதவும். அகலமா வெட்டின திறந்த கிணறு நாலு பக்கமும் ஊறி வர்ற தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். போர் போட்டீங்கன்னா வெறும் கல்லைத்தான் துளைப்பீங்க."

நாங்கள் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது.

நாச்சிமுத்துவுக்கும் அவன் தம்பி சென்னியப்பனுக்கும் அப்படி அகலமான ஒரு கிணறு இருந்தது, இருவருக்கும் பொதுவாக. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. ஒரு கோடையில் அண்ணனின் முறையன்று கரண்ட் போய்விட்டது. போன நேரத்துக்கு ஈடாகத் தம்பியின் முறையில் பாதி நாள் வேண்டும் என்றான் நாச்சிமுத்து. கரண்ட் போனதற்கு நானா பொறுப்பு என்றான் சென்னியப்பன். பேச்சு வளர்ந்து, பேச்சே நின்றுபோய், கிணற்றுக்குள் நடுவே ஒரு சுவர் எழுப்பித் தர முடியுமா என்று கொத்தனாரை அழைத்துக் காட்டினார்கள். கொத்தனார் கிணற்றை எட்டிப் பார்த்தார், இவர்கள் முகத்தைப் பார்த்தார், சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு, எனக்கில்லாத கிணறு உனக்கும் வேண்டாம் என்று இரண்டு பேரும் இரண்டு கரையிலிருந்தும் மண்ணைத் தள்ளிக் கிணற்றை மூடினார்கள். மாசக்கணக்கில் பேசாத அண்ணனும் தம்பியும் அந்த ஒரு வேலையை மட்டும் அத்தனை ஒற்றுமையாகச் செய்தார்கள்.

மூடிய கையோடு ஆளுக்கொரு போர் போட்டார்கள். நீரோட்டத்துக்கு அடையாளமாக உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்பதைப் பார்த்து இடம் குறித்தார்கள். தம்பியின் குழியில் ஒரு கோடைக்குத் தண்ணீர் வந்து நின்றுபோனது. அண்ணனின் குழியில் துளை போடுகிற வண்டி இரவும் பகலும் இரைந்தும் புழுதிதான் வந்தது. அந்தப் புழுதி ஊரில் காயப்போட்ட துணியிலும், சோற்றிலும், பிள்ளைகளின் இமையிலும் படிந்தது. வண்டி போன பிறகு, வேறு இடத்துக்கு ஆகும் என்று மேல்வாயில் இறக்கியிருந்த இரும்புக் குழாயையும் உருவிக்கொண்டார்கள். குழியின் வாயில் ஒரு கோணிச் சாக்கைப் போட்டு, சாக்கின் மேல் ஒரு கல்லை வைத்தான் நாச்சிமுத்து. கொஞ்ச நாள் கழித்து, காற்றில் பறக்கிற தார்ப்பாய்க்குப் பாரம் வேண்டும் என்று அந்தக் கல்லை அவனே எடுத்துப் போனான்.

பூங்கோதைக்கு அப்போது ஐந்து வயது. ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடியவள், சாக்கை மிதித்தாள்.

அவள் அம்மா மயிலாத்தாள் தோட்டம் காடு முழுக்கக் கூப்பிட்டுத் திரிந்தபோது மண்ணுக்குள்ளிருந்து பதில் வந்தது. அழுகையெல்லாம் இல்லை. சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகிற பிள்ளையின் குரல்தான்.

"அம்மா, நான் விழுந்துட்டு இருக்கறேன்."

தீயணைப்பு வண்டி வந்தது, கேமராவும் விளக்கும் வந்தன, கயிறு வந்தது. கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார்கள்; தீர்ந்ததும் இன்னொன்றை முடிந்து விட்டார்கள்; தாலுகாவில் இருந்த கயிறெல்லாம் அந்தக் குழிக்குள் போய்த் திரும்பியது. குழந்தையின் குரல் மட்டும் தூரமும் போகவில்லை, கிட்டேயும் வரவில்லை, அடுத்த அறையிலிருந்து பேசுவது போலவே கேட்டது. தீயணைப்புக்காரர்களில் பெரியவர் கடைசியில் மயிலாத்தாளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறினார்.

அமலோற்பவம் மறுபடி வந்து, குழியின் வாயில் மண்டியிட்டு, அளவு நாடாவை விட்டு, காதை வைத்துக் கேட்டார். "குழிக்குத் தரைன்னா அது தண்ணிதாம்மா" என்றார் மயிலாத்தாளிடம். "இதுல தண்ணி இல்லை. அதனால தரையும் இல்லை. இது காய்ஞ்சு கிடக்கிற வரைக்கும் உங்க பொண்ணு விழுந்துக்கிட்டுத்தான் இருப்பா."

"தண்ணி வந்துட்டா?"

 அமலோற்பவம் நாடாவைச் சுற்றிக்கொண்டே இருந்தார், சுற்றி முடிந்த பிறகும்.

பிழைக்கிற வழியை ஊர் பழகிக்கொள்ளும். மயிலாத்தாள் காலையில் கச்சாயமும், பொரி உருண்டையும், வாழையிலையில் இறுக்கிக் கட்டிய புளிச்சோறும் போட்டாள். போட்டது போய்ச் சேர்ந்தது. "உப்பு கம்மி" என்று கீழேயிருந்து குரல் வந்தால் அவளுக்கு அன்றைக்கெல்லாம் வயிறு நிறைந்திருக்கும். பொங்கலுக்குப் புதுப்பாவாடை போட்டாள், வருஷத்துக்கு ஒரு சாண் கூட்டித் தைத்து. பள்ளிக்கூடத்து டீச்சர் வாரத்தில் ஒரு நாள் வகுப்பையே காட்டுக்குக் கூட்டி வந்து குழியைச் சுற்றி உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைத்தார். எல்லாரும் தடுமாறுகிற இடத்தில் பூமிக்குள்ளிருந்து சரியான விடை வந்தது. கூடப் படித்த பெண்கள் வீட்டில் சொல்ல முடியாத சங்கதியையெல்லாம் குழியில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், அவளிடம் சொன்னால் வெளியே போகாது என்று. பாறை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்வாள்: "இப்போ கறுப்பா ஓடுது. இப்போ ரோஸ் கலர்ல ஒரு கோடு. இப்போ மினுமினுன்னு." பிள்ளை வளர வளரக் குழியும் அவளோடு சேர்ந்து அகன்றுகொண்டது என்றுதான் நினைக்கிறோம், அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவள் அப்பா நாச்சிமுத்து மட்டும் குழியில் பேசவே இல்லை. கூப்பிடு தூரத்தில் வேலி ஓரமாக உட்கார்ந்து, மகளும் அம்மாவும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். "அப்பா எங்கம்மா?" என்று கேட்டால், "காட்டுக்குப் போயிருக்கறார் சாமி" என்று மயிலாத்தாள் சொல்வாள். காட்டில்தான் எல்லாரும் இருந்தார்கள்.

பூங்கோதை பெரிய மனுஷி ஆனபோது தாய்மாமன் தட்டும் சேலையுமாகச் சீர் கொண்டு வந்தார், ஊரே குழியைச் சுற்றி நின்று குலவை போட்டது. மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற நேரம் வந்தது. சொம்பை நீட்டிய நாத்தனாரின் கையை மயிலாத்தாள் பிடித்துக்கொண்டாள். "தண்ணி வேண்டாமுங்க" என்றாள், "ஒரு சொட்டுக்கூட வேண்டாமுங்க." சொம்பை வாங்கி அப்பால் ஊற்றிவிட்டு, காய்ந்த மஞ்சள் தூளை இரண்டு கையிலும் அள்ளி, பூவைப் போடுவது போலக் குழிக்குள் தூவினாள். கீழே மகள் தும்முவது கேட்டது. எல்லாரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேர் அழுதுவிட்டோம்.

ஊருக்கு எல்லாம் அப்போதுதான் புரிந்தது. மழை பெய்தால் அது நொறுங்கல் பாறையில் நிறையும். குழாயை உருவிவிட்ட குழி ஆதலால் நாலு பக்கமும் கசிந்து அதற்குள் இறங்கும். இறங்கினால் பிள்ளைக்குத் தரை வந்துவிடும், தரை வந்தால் பிள்ளை மிஞ்சமாட்டாள். இதை யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. குளத்தைத் தூர்வார வந்த ஆட்களுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். கிணறு வெட்ட நினைத்தவர்கள் அந்த நினைப்பை விட்டார்கள். மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு வாங்கி, ஊர் எல்லையில் சேர்ந்து உட்கார்ந்து தின்று, இனி இந்த ஊரில் இருக்க வழியில்லை, போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். அந்த அழுகையைத் தாங்காமல் வானம் இறங்கும் என்பது நம்பிக்கை. அதற்கு மழைச்சோறு என்று பேர். அந்த மழைச்சோறு எடுப்பதையும் நிறுத்திவிட்டோம். மாரியம்மனிடம் பிள்ளை வரம் கேட்டோம், மாட்டுக்குச் சுகம் கேட்டோம், மழையை மட்டும் கேட்கவில்லை.

கேட்காமலும் சில வருஷம் பெய்தது. அப்போதெல்லாம் சென்னியப்பன் கொட்டுகிற மழையில் மண்வெட்டியோடு ஓடிப் போய்க் குளத்துக் கரையை வெட்டிவிடுவான். தண்ணீர் ஓடையில் இறங்கி அடுத்த ஊருக்குப் போகும். அண்ணனோடு அவன் பேசியதே இல்லை, குழிப்பக்கம் வந்ததும் இல்லை, ஆனால் ஒரு மழையையும் தவறவிடவில்லை. அவனுடைய தென்னைகள் ஒவ்வொன்றாக மண்டை காய்ந்து நின்றன.

தண்ணீர் லாரி வந்தது, பிறகு லாரி வருவது குறைந்தது. மாடுகள் சந்தைக்குப் போயின. இளவட்டங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், அப்புறம் அவர்கள் பெற்றோரைக் கூட்டிப் போனார்கள். போகிறவர்கள் குழியில் வந்து, "போயிட்டு வாரோம் அம்மணி, சும்மா பத்து நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வார்த்தை, உன்னாலதான் என்று ஒரே ஒரு வார்த்தை, யார் வாயிலிருந்தும் வரவில்லை. வந்திருந்தால் மயிலாத்தாள் தாங்கியிருப்பாள், வராததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பஸ் ஊருக்குள் வருவது நின்றது. மயிலாத்தாள் குழிப்பக்கம் உட்கார்ந்து, தானே டீச்சரின் குரலில் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினாள். தானே பஸ் ஹாரன் அடித்தாள். தானே கோயில் மணி ஆட்டிவிட்டு ஓடி வந்து, பூசாரியின் குரலில் இருமினாள். பொழுது விடிந்தால் ஊரே பேசுகிற பேச்சை ஒருத்தி பேசித் தீர்த்தாள். அவளுடைய தொண்டை கட்டிக்கொண்ட அன்றைக்குக் கல்லாங்காட்டுப்புதூரே வாயடைத்துக் கிடந்தது.

அன்றைக்குத்தான் பூங்கோதை கேட்டாள்.

"அம்மா, எல்லாரும் நீதானா?"

மயிலாத்தாள் பஸ் ஹாரன் அடிக்கப் பார்த்தாள், காற்றுதான் வந்தது.

"பள்ளிக்கூடம் நீதான். பஸ்ஸும் நீதான். எனக்கு முன்னயே தெரியும். நீ கஷ்டப்பட்டுப் பேசறயேன்னு சும்மா இருந்தேன்."

"இல்லை சாமி, எல்லாரும் கோயிலுக்கு..."

"அம்மா. நான் மேல நின்ன நாளை விட விழுந்த நாளுதான் ஜாஸ்தி. எனக்குக் கால் இருக்கறதே மறந்துபோச்சு. ஒருக்கா நிக்கோணும்மா. எதுமேலயாச்சும் ஒருக்கா நின்னு பாக்கோணும்."

"அப்படிச் சொல்லாத கண்ணு."

"விழுகறது வலிக்கறதில்லைம்மா. நிக்காம இருக்கறதுதான் வலிக்குது."

மயிலாத்தாள் அன்றைக்கு முழுக்க அங்கேயே கிடந்தாள். அவள் மனசில் என்ன ஓடியது என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை. சாயங்காலம் எழுந்து, தலையை முடிந்துகொண்டு, நேராகச் சென்னியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, இனிமேல் கரையை வெட்டாதீங்க."

சென்னியப்பன் அவளைப் பார்த்தான். "அண்ணி, நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"பிள்ளை நிக்கோணுங்கறா. பெத்தவ நான் வேண்டாங்கறதா?"

அமலோற்பவம் வந்தார், தலை நரைத்து, வேலை ஓய்வுக்குக் கிட்டத்தில். எந்தக் கிணற்றைத் தோண்டுவது என்று மயிலாத்தாள் கேட்டாள். பிள்ளைக்கு எந்த மருந்து என்று டாக்டரிடம் கேட்பது போலக் கேட்டாள். மூடிய கிணறுதான் சரி என்றார் அந்த அம்மா. சரிவு மழைத் தண்ணீரை அங்கேதான் கொண்டுவந்து சேர்க்கிறது, நொறுங்கல் பாறை அங்கேதான் கனமாக இருக்கிறது, அதைத் தோண்டி அகலப்படுத்தினால் போதும், கரும்பாறையைத் தொடவே வேண்டாம், குளத்தையும் தூர்வாரினால் ஊருக்கே தண்ணீர் நிற்கும். "கிணத்துல எந்த மட்டம் நிக்குதோ அதே மட்டம்தான் குழியிலயும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்வெட்டியை முதலில் எடுத்தவன் நாச்சிமுத்து. எதிர்க்கரையில் சென்னியப்பன் இறங்கினான். தாங்கள் போட்ட மண்ணைத் தாங்களே அள்ளினார்கள். பேச்சில்லை, ஒருவன் கூடையை நிரப்பினால் மற்றவன் தூக்கிவிட்டான். சேதி திருப்பூருக்குப் போனது. பூட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. போனவர்கள் பாதிக்கு மேல் திரும்பி வந்து கூடை சுமந்தார்கள், குளத்தில் இறங்கினார்கள், வந்தவர்கள் எல்லாரும் முதலில் குழிக்குப் போய், "வந்துட்டோம் அம்மணி" என்று சொன்னார்கள். "பத்து நாள்னு சொன்னீங்களே!" என்று அவள் கேலி பேசியபோது, பேர் சொல்லிப் பேர் சொல்லி ஒவ்வொரு குரலையும் கண்டுபிடித்தபோது, ஆண்பிள்ளைகளும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதோம்.

கிணறு முடிந்தது. ஆடி வந்தது, காற்று மட்டும் வந்தது. மழைச்சோறு எடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், யார் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. மயிலாத்தாளே சட்டியை எடுத்துக்கொண்டு முதல் வாசலில் வந்து நின்றாள். "மழைச்சோறு போடுங்க தாயி" என்றாள். போட்ட பெண்கள் அவள் பின்னாலேயே வந்தார்கள். எல்லையில் பெண்களெல்லாம் வட்டமாக உட்கார்ந்து உப்பில்லாத சோற்றைத் தின்றார்கள். ஒப்பாரியை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். நாங்கள் வருஷா வருஷம் கேட்ட ஒப்பாரிதான், ஆனால் இதுவரைக்கும் அதில் ஊர்தான் போகும், பிள்ளை போகாது. அவள் அழுத அழுகைக்கு எந்த வானமும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இறங்கியது. சாரலாகத் தொடங்கி, பிறகு தாரையாக, பிறகு தாரைக்கும் தாரைக்கும் இடைவெளி தெரியாமல், மண்ணும் வானமும் ஒன்றாகக் கலந்த மாதிரிப் பெய்தது. யாரும் குளத்துக் கரையை வெட்டவில்லை. கிணற்றின் நாலு பக்கச் சுவரும் முதலில் கறுத்தன, பிறகு வேர்த்தன, பிறகு ஊற்றுக் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. ஊரே நனைந்துகொண்டு போர்க்குழியைச் சுற்றி நின்றது. மயிலாத்தாள் குழியின் வாயில் குடை பிடித்திருந்தாள், பழக்கத்தில்.

"அம்மா, கீழ இருந்து குளுந்த காத்து வருது."

"வரட்டும் சாமி."

"தண்ணி வாசம் அடிக்குது. நல்லா இருக்குது."

வேலி ஓரத்திலிருந்து நாச்சிமுத்து எழுந்து வந்தான். முழங்காலிட்டான்.  இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றும் வெளியே வராமல், கடைசியில் எந்த அப்பனும் கேட்கிற கேள்விதான் வந்தது.

"அம்மணி... சாப்பிட்டயா?"



"சாப்பிட்டேனுங்கப்பா" என்றாள் பூங்கோதை. "நீங்க சாப்பிட்டீங்களா?"

அவன் தலையை ஆட்டினான். அவளுக்குத் தெரியாதே என்று தோன்றாமல் ஆட்டிக்கொண்டே இருந்தான். பின்னாலிருந்து சென்னியப்பன்தான், "சாப்பிட்டாரு கண்ணு, உங்கப்பன் சாப்பிட்டாரு" என்று கத்தினான்.

"சித்தப்பாவா?" என்று கேட்டாள் அவள், சிரித்தாள். பிறகு அவள் குரல் மாறியது. பயமில்லை அதில். முதல் தடவை பல் விழுந்ததைச் சொல்கிற குழந்தையின் குரலாக இருந்தது.

"அம்மா, பட்டிருச்சு."

"என்ன சாமி பட்டுது?"

"தரை. அம்மா, நான் நிக்கறேன்! கால் ரெண்டும் நிக்குதும்மா!"

"நில்லு தங்கம்," என்றாள் மயிலாத்தாள், "நல்லா ஊனி நில்லு."

அதற்குப் பிறகு மழைச் சத்தம்தான் கேட்டது. நாங்கள் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம். மயிலாத்தாள் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பாள், பார்த்தால் தடுமாறிவிடுவாள் என்று நினைத்தாளோ என்னவோ.

கிணறு நிறைந்தது. முதல் குடத்தை மாரியம்மனுக்கு எடுக்கலாமா என்று பூசாரி கேட்டார், பிறகு அவரே அதை மயிலாத்தாளிடம் கொண்டு வந்து கொடுத்தார். வாங்கி இரண்டு வாய் குடித்தாள். உப்பில்லை, கசப்பில்லை, அத்தனை நல்ல தண்ணீர். அன்றைக்கு ஊரில் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. எல்லா வீட்டிலும் வயிறாரச் சாப்பிட்டோம், சாப்பிட்டதற்காக அழுதோம்.

மழை விட்டு, வெயில் வந்து, மறுபடி பொழுது சாயும்போதும் மயிலாத்தாள் குழிப்பக்கத்திலேயே நின்றாள். கால் வீங்கிப்போயிருந்தது. பெண்கள் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, "கொஞ்ச நேரம் உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"பிள்ளை நின்னுட்டு இருக்குது," என்றாள் அவள், "நான் எப்படிங்க உக்கார்றது?"